கண்ணில்லாத கிழங்கு

பஞ்சாட்சரம் வெல்லத்தைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிற ஆள். சாவி அரைஞாண் கயிற்றில் தொங்கும். மருமகள் பூரணி எடுத்துவிடுவாள் என்று ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே பூட்டுவார். சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லி அன்றைக்கே தீர்த்துக்கொண்டிருப்பாள். பூட்டுக்கு என்ன பதில் சொல்ல முடியும்?

ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடுகிற இடத்தை ஷாப்பு என்பார்கள். ஒரு ஷாப்பில் இருபத்தெட்டு வருஷம் சுண்ணாம்புக் குழியில் நின்றவர் அவர். தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டுப் புரட்டி, மயிர் இளகியதும் தூக்கி எடுக்கிற வேலை. கைநகம் பத்தும் தேய்ந்துபோய், விரல் நுனி எப்போதும் தண்ணீரில் ஊறினது மாதிரி வெளுத்திருக்கும். காலில் புண் வந்து ஆறாமல் போனதும் முதலாளி இஷ்தியாக் அகமது அவரைக் குழியிலிருந்து எடுத்துத் தன் பங்களாத் தோட்டத்தில் விட்டார். தோட்ட வேலை தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. தெரியாது என்று இவரும் சொல்லவில்லை.

முதலாளியின் மனைவி ஜஹீதா பெங்களூரில் வளர்ந்தவர். அவருடைய அண்ணன் ஒரு வருஷம் கூடை நிறைய டேலியாப் பூச்செடிக் கிழங்கு கொண்டுவந்து இறக்கினார். ஆம்பூர் வெயிலுக்கு அது வராது என்று எல்லாரும் சொன்னார்கள். பிறத்தியார் சொல்வதை நம்பிப் பஞ்சாட்சரத்துக்குப் பழக்கமில்லை. அந்த ஒரு விஷயத்தில் அது நல்லதாகப் போயிற்று.

ஐப்பசி மழையில் நட்டு, தை மாசியில் பூக்கவைத்துவிட்டால் வெயிலுக்கு முன்னால் தப்பித்துக்கொள்ளலாம் என்று இரண்டு வருஷம் கெடுத்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். ஷாப்பில் சுரண்டிப் போடுகிற மயிரை வாரிக்கொண்டு வந்து, சுண்ணாம்பு போக ஏழு தண்ணீர் அலசி, சாணத்தோடு மக்கவைத்து எருவாகப் போட்டார். செடி முழங்கால் உயரம் வந்ததும் கொழுந்தைக் கிள்ளினார். கிளைக்குக் கிளை மூங்கில் குச்சி நட்டுக் கட்டினார். ஒரு கிளையில் மூன்று மொட்டு வந்தால் இரண்டைக் கிள்ளி எறிந்து நடு மொட்டை மட்டும் விட்டார். பங்களாவில் சமைக்கிற மஹ்பூபி அதைப் பார்த்துவிட்டு, வர்ற பிள்ளையை இப்படிக் கிள்ளிப் போடுகிறீர்களே, கை எப்படி வருகிறது என்றாள். நடு மொட்டு விரிந்தபோது சாப்பாட்டுத் தட்டு அகலம் இருந்தது. இரத்தச் சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று, நுனியில் மட்டும் ஊதா தொட்ட வெள்ளை ஒன்று. வேலைக்காரர்கள் வாயில் அது தட்டுப்பூ ஆயிற்று. தோல் வாங்க வந்த ஜெர்மன்காரன் ஒருவன் பேரத்தை மறந்துவிட்டுப் போர்டிகோவில் உட்கார்ந்து அதைப் படம் பிடித்தான். அதிலிருந்து ஜஹீதாவுக்குத் தை மாசம் என்றால் தட்டுப்பூதான். வருகிறவர்களுக்கு முதலில் அதைக் காட்டிவிட்டுத்தான் டீயே கொடுப்பார்.

கிழங்கைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். பார்வைக்குச் சர்க்கரைவள்ளி மாதிரியே கொத்தாக இருக்கும். ஆனால் உருளைக்கிழங்குக்கு உடம்பெல்லாம் கண் இருக்கிற மாதிரி இதற்குக் கிடையாது. தண்டு ஒட்டுகிற கழுத்தில் மட்டும் கடுகளவு கண் இருக்கும். கழுத்தோடு வந்தால் முளைக்கும். கழுத்து ஒடிந்து வெறும் உடம்பு மட்டும் வந்தால் எத்தனை மாசம் தண்ணீர் ஊற்றினாலும் வேர் விடும், துளிர் விடாது. குருட்டுக் கிழங்கு. இது பஞ்சாட்சரத்துக்குத் தெரியும். பங்களாவில் வேறு யாருக்கும் தெரியாது. அவரும் யாருக்கும் சொன்னதில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம் பங்குனியில், பூ முடிந்ததும் கிழங்கைத் தோண்டினார். அடுத்த ஐப்பசி வரைக்கும் அதை மணலில் புதைத்து, காயாமலும் அழுகாமலும் காப்பாற்றவேண்டும். முந்தின வருஷம் பங்களாவின் பம்பு ரூமில் வைத்ததில் ஆறு கிழங்கு குறைந்துபோயிற்று. பெருச்சாளி தின்றது என்றான் வாட்ச்மேன் வேலு. பெருச்சாளி தோலையாவது மிச்சம் வைக்குமே என்று பஞ்சாட்சரம் நினைத்தார். வேலுதான் எங்கேயோ விற்றுவிட்டான் என்று முடிவு கட்டிக்கொண்டு, இந்த வருஷம் எல்லாவற்றையும் தன் வீட்டுக்குக் கொண்டுபோகத் தீர்மானித்தார்.

அன்றைக்கு அவர் கொத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது மஹ்பூபி வந்து நின்றாள். அவள் வீடு ஷாப்பின் பின்பக்கச் சந்தில் இருந்தது. புருஷன் இல்லை, ஒரே பெண். எனக்கு ஒண்ணு குடுங்கண்ணா, கதவத் தொறந்தா ஷாப்பு செவுரு தான் தெரியுது, அதுக்கு முன்னால ஒரு பூ நிக்கட்டும் என்று கேட்டாள். ஏற்கெனவே இரண்டு தரம் கேட்டவள். முதலாளி வீட்டுப் பொருளை எடுத்துக் கொடுக்க இவர் யார்? இல்லை என்று சொன்னால் மறுபடியும் வருவாள். அப்போதுதான் ஒரு கிழங்கு கழுத்து ஒடிந்து கையோடு வந்தது. நல்ல பருமன், மழமழவென்று இருந்தது. அதை எடுத்து நீட்டினார்.

"யார் கிட்டயும் சொல்லிக்காத. பொறுமையா தண்ணி ஊத்து. மெதுவா தான் வரும்."

அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு, அல்லா உங்களுக்கு நல்லது செய்யட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். பஞ்சாட்சரத்துக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருந்தது. தொல்லை ஒழிந்தது என்று நினைத்தார்.

மிச்சம் பதினோரு கொத்து. எழுத்துத் தெரியாததால் நிறத்துக்கு ஒரு நூல் கட்டி அடையாளம் வைப்பார். பூரணி குடியாத்தத்து நெசவுக்காரர் வீட்டுப் பெண். அவள் அப்பா தறியில் மிஞ்சிய நூலைக் கொடுத்தனுப்புவார். சிவப்புக்குச் சிவப்பு நூல், மஞ்சளுக்கு மஞ்சள், வெள்ளைக்கு வெள்ளை. கட்டி முடித்து, சாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, பூரணி குழாயடிக்குப் போயிருந்த நேரம் பார்த்துத் தன் மூலையில், தகரப் பெட்டிக்குப் பின்னால், பாலாற்று மணல் நிரப்பிய பெரிய பானையில் புதைத்தார். இது இன்னது என்று மகன் தணிகைவேலிடமும் சொல்லவில்லை, மருமகளிடமும் சொல்லவில்லை. பத்து நாளைக்கு ஒருமுறை, வீட்டில் ஆள் இல்லாதபோது, மணல் மேல் ஒரு கை தண்ணீர் தெளிப்பார். கிளறிப் பார்க்கமாட்டார். கிளறினால் கண் ஒடியும்.

அந்தக் கோடையில் பாலாறு மணலாகவே கிடந்தது. ஊற்றுத் தோண்டினால் ஆள் ஆழத்தில் ஒரு குடம் கலங்கல் வரும். தண்ணீர் இல்லாமல் ஷாப்பு நின்றுபோயிற்று. தணிகைவேலுக்கு இரண்டு மாசம் வேலை இல்லை. காலையில் வெளியே போய், போன மாதிரியே திரும்பி வந்து சுவரைப் பார்த்து உட்காருவான். பூரணி கேழ்வரகை ஒரு வேளையும் ரேஷன் அரிசியை ஒரு வேளையும் வைத்து ஓட்டினாள். ரம்ஜானுக்கு மஹ்பூபி ஒரு தூக்கில் சேமியாப் பாயசம் கொண்டுவந்து கொடுத்தாள். பிள்ளைகள் இரண்டும் தூக்கை விரலால் வழித்து நக்கின. அவள் அரை மணி நேரம் பூரணியோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் போனதாகப் பஞ்சாட்சரம் கேள்விப்பட்டார். எங்கே உட்கார்ந்தாள் என்று கேட்டார். பூரணிக்கு அது என்ன கேள்வி என்று புரியவில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு வீட்டைச் சுத்தம் செய்தாள் பூரணி. அன்று மத்தியானம் பஞ்சாட்சரத்திடம் வந்து கொஞ்சம் வெல்லம் வேண்டும் என்றாள். கிழங்கு வேகவைத்திருப்பதாகச் சொன்னாள். பெட்டியைத் திறந்து, எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி உடைத்துக் கொடுத்துவிட்டுப் பூட்டினார். தோலுரித்து, வில்லையாக நறுக்கி, வெல்லம் போட்டுக் கிளறி முதல் தட்டை அவருக்குத்தான் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றாள். வெளேரென்று, தண்ணீர் விட்ட மாதிரி இருந்தது. கடைசியில் லேசாக ஒரு கசப்பு. கடையில் மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று நினைத்தபடி சாப்பிட்டார்.

"வெல்லம் கம்மி" என்றார்.

பூரணி தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து நாலு நாள் அந்த வீட்டில் எல்லாருக்கும் வயிற்று உப்புசம். பஞ்சாட்சரத்துக்கு ரொம்ப ஜாஸ்தி. ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டு, ரேஷன் அரிசியைத் திட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தார். எழுந்த பிறகு வழக்கம்போல ஆளில்லாத நேரம் பார்த்து மணலில் தண்ணீர் தெளித்தார். ஆவணி, புரட்டாசி இரண்டு மாசமும் தெளித்தார்.

ஐப்பசி பிறந்து நாலு நாள் நல்ல மழை பிடித்தது. தோட்டத்தில் பாத்தி கட்டி எரு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பானையைச் சரித்தார். மணல் வந்தது. இன்னும் சரித்தார். மணல்தான். கடைசியில் பானையைக் கவிழ்த்துத் தட்டினார். கையை விட்டுத் துழாவினார்.

வீட்டில் யாரையாவது கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பானையில் என்ன இருந்தது என்று முதலில் சொல்லவேண்டி வருமே. அது அவரால் ஆகவில்லை. யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டார். ரம்ஜான் அன்றைக்கு அரை மணி நேரம் உட்கார்ந்தவள் ஒருத்தி. கிழங்கு வேண்டும் என்று மூன்று தரம் கேட்டவளும் அவளேதான். கணக்கு நேராக வந்தது. நேராக வந்த கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கிற ஆள் இல்லை அவர்.

காலையில் போய் ஜஹீதாவிடம் சொன்னார். போர்டிகோவில் அப்போது முதலாளி ஷாப்புக்குக் கிளம்ப ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். அவர் தங்கை சைரா பக்கத்தில் நின்றாள். டிரைவர் கனகராஜ் கார் துடைத்துக்கொண்டிருந்தான். பால்காரர் இருந்தார், இஸ்திரிக்காரம்மா மூட்டையோடு வந்திருந்தாள். வாட்ச்மேன் வேலு கேட்டைச் சாத்திவிட்டு வந்து காதைக் கொடுத்தான். யார் மேல் சந்தேகம் என்று ஜஹீதா கேட்டார். பஞ்சாட்சரம் பேர் சொல்லவில்லை. ரம்ஜானுக்கு வீட்டுக்கு வந்தவர்கள் யார், கிழங்கு கேட்டவர்கள் யார் என்பதை மட்டும் சொன்னார். பேர் தானாக வந்து நின்றது.

மஹ்பூபி வீட்டுக்கு வேலுவை அனுப்பினார்கள். அவன் வரும்வரைக்கும் ஒருத்தரும் கலையவில்லை. அரை மணியில் ஒரு டால்டா டின்னோடு வந்தான். டின் நிறைய மண். மேலே ஈரம். விரலால் மண்ணை விலக்கினான். கிழங்கு, பக்கமெல்லாம் வெள்ளை வேர் விட்டு, பருமனாக உட்கார்ந்திருந்தது.

மஹ்பூபி சமையல்கட்டிலிருந்து வந்தாள். கையில் மாவு ஒட்டியிருந்தது. டின்னைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் சந்தோஷந்தான் வந்தது, மொளச்சிட்டுதா என்று கேட்டாள். பிறகு எல்லாருடைய முகத்தையும் பார்த்தாள். யார் கொடுத்தது என்று ஜஹீதா கேட்டார். பஞ்சண்ணன்தான் பங்குனியில் கொடுத்தார் என்றாள். அப்படிச் சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பி, அவர் ஆமாம் என்று சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

ஜஹீதா அவரைப் பார்த்தார். "நீங்களா குடுத்தீங்க?"

கொடுத்தேன் என்றால் முதலாளி பொருளை எடுத்துக் கொடுத்தது ஒரு குற்றம். வீட்டில் வைத்துத் தொலைத்தது இன்னொரு குற்றம். தோட்ட வேலை போனால் திரும்பவும் குழிதான். புண்ணுக் காலோடு குழியில் எத்தனை நாள் நிற்பது? இவ்வளவும் அவர் மனசில் ஓடியது என்று சொன்னால் அது பொய். ஒன்றும் ஓடவில்லை. வாய்தான் முந்திக்கொண்டது.

"நான் எதுக்குக் குடுக்கறேன்?"

பொய் சொன்ன மாதிரியும் இல்லை, நிஜம் சொன்ன மாதிரியும் இல்லை. வெறும் கேள்வி. அதற்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

மஹ்பூபி அழுவாள், சத்தம் போடுவாள் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவள் கையிலிருந்த மாவை ஒவ்வொரு விரலாக உருட்டி எடுத்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "சரிண்ணா" என்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள். பன்னிரண்டு வருஷம் சமைத்த வீடு.

அந்த ஒன்றையாவது நடுங்கள் என்றார் ஜஹீதா. இந்த வருஷத்துக்கு அந்த ஒரு பூவாவது இருக்கட்டும் என்றார். பஞ்சாட்சரம் பாத்தி நடுவில் குழி எடுத்து அந்தக் குருட்டுக் கிழங்கை நட்டார். பக்கத்தில் குச்சி ஊன்றச் சொன்னார் ஜஹீதா. ஊன்றினார். தினம் காலையில் வந்து நின்று, துளிர் வந்துச்சா என்று கேட்பார். இன்னும் இல்லை என்பார் இவர். எரு போடச் சொல்வார், எரு போட்டார். வெறும் மண்ணுக்குக் குச்சி நட்டு, வேலி கட்டி, இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினார். வேலு அதைப் பார்த்து, பெரியவரு லிங்கம் பிரதிஷ்டை பண்ணிட்டார் என்று கேலி செய்தான்.

மஹ்பூபியை வேறு யாரும் வேலைக்கு எடுக்கவில்லை. ஆம்பூரில் பெரிய வீடுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று உறவு. ஒரு வீட்டு அடுப்பங்கரையில் விழுந்த பேர் சாயங்காலத்துக்குள் எல்லா அடுப்பங்கரைக்கும் போய்விடும். பீடி சுற்ற உட்கார்ந்துவிட்டாள் என்று இஸ்திரிக்காரம்மா சொன்னாள். பஞ்சாட்சரம் காதில் விழாத மாதிரி இருந்தார். திருடினவளுக்கு நான் என்ன செய்ய முடியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பதினோரு கொத்தை அவள் எடுத்தாள் என்பதில் அவருக்கு அப்போதும் சந்தேகம் இல்லை. அந்த ஒன்றைப் பற்றித்தான் நினைக்காமல் தள்ளிக்கொண்டிருந்தார்.

கார்த்திகை பிறக்க இரண்டு நாள் இருந்தது. பேரப்பிள்ளையின் சட்டையில் பொத்தான் அறுந்துபோயிற்று என்று பூரணி கூரைச் சந்திலிருந்து ஒரு குச்சியை எடுத்தாள். குச்சி நிறைய நூல் சுற்றியிருந்தது. சிவப்பு, மஞ்சள், வெள்ளை. துண்டு துண்டாக, முடிச்சுப் போட்டு ஒட்டின நூல். நெசவுக்காரர் வீட்டில் சாண் நூலைக்கூட எறியமாட்டார்கள். பஞ்சாட்சரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பாட்டை நிறுத்திவிட்டு அந்தக் குச்சியையே பார்த்தார். அது எங்கே கிடைத்தது என்று கேட்டார்.

பூரணி ஊசியில் நூல் கோர்த்தபடியே இருந்தாள். கோர்த்து முடித்த பிறகுதான் பேசினாள். மூன்று மாசமாக அடக்கி வைத்தது.

"எங்கன்னு உங்களுக்குத் தெரியாதா மாமா? கிருத்திகைக்கு உங்க மூலைய மொழுகறப்ப பானைய நகத்தினேன். உள்ள கெழங்கு. நூலு கட்டி, மணலப் போட்டு மூடி வெச்சிருந்தீங்க. புள்ளைங்க ரெண்டும் கூழு தண்ணிக்கு அடிச்சிக்கினு இருந்த மாசம் அது. வெல்லத்தப் பூட்டறார், சரி. கெழங்கக் கூட மண்ணுல பொதச்சித் தின்றாரேன்னு எனக்கு வவுறு எரிஞ்சுது."

பஞ்சாட்சரம் வாயைத் திறந்தார். அவள் விடவில்லை.

"சண்ட போடல நான். வேக வெச்சு மொத தட்ட உங்களுக்கே வெச்சேன். உங்க வெல்லத்தையே கேட்டு வாங்கிப் போட்டேன். இப்பவாவது இன்னா சொல்றார்னு பாக்கலாம்னு நின்னேன். நீங்க தலையக் குனிஞ்சிக்கினு தின்னீங்க. மனுஷன் வெட்கப்பட்டுக்கினு திங்கறார், போவட்டும்னு விட்டுட்டேன். வெல்லம் கம்மின்னு வேற சொன்னீங்க."

கையிலிருந்த உருண்டையைத் தட்டில் வைத்தார். சிவப்பும் மஞ்சளும் வெள்ளையும், தாம்பாளம் தாம்பாளமாகப் பூக்கவேண்டியதைத் தானும் மென்று, வீட்டில் எல்லாரும் மென்று, ஓமத் தண்ணீர் குடித்துச் செரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு வெறும் மணலுக்கு மூன்று மாசம் தண்ணீர் தெளித்திருக்கிறார். சாப்பிடறதுக்கு வைத்த கிழங்கு இல்லை அது, பங்களாப் பூவுக்கான விதை என்று சொன்னார். சொல்லும்போது அவருடைய குரல் அவருக்கே யாருடையதோ மாதிரி கேட்டது.

பூரணி ஊசியைச் சட்டையில் குத்தி அப்படியே விட்டாள். முகம் மாறிப்போயிற்று. அப்ப மஹ்பூபிம்மா என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். பங்களாவில் கிழங்கு திருடினாள் என்ற பேச்சு அவள் காதுக்கும் வந்திருந்தது. பாயசத் தூக்கு நினைப்பும் வந்திருக்கும்.

அவர் அன்றைக்கும் பெட்டியைப் பூட்டினார். பழக்கம்.

மறுநாள் காலையில் ஜஹீதா துளிர் வந்துச்சா என்று கேட்க வந்தபோது தோட்டத்தில் வேறு யாரும் இல்லை. பஞ்சாட்சரம் சொன்னார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், கிழங்கைத் தின்றதில் ஆரம்பித்தார். ஜஹீதாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அப்படியும் அடங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எல்லாத்தையுமா, சிவப்பையுமா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். ருசி எப்படி இருந்தது என்றும் கேட்டார்.

"வெல்லம் கம்மி, பீபிம்மா" என்றார். கேலிக்குச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார்.

பிறகு மஹ்பூபி நினைப்பு ஜஹீதாவுக்கு வந்தது. சிரிப்பு நின்றது. அப்படியானால் இது என்ன என்று பாத்தியில் நட்டிருந்த குச்சியைக் காட்டினார். நான்தான் கொடுத்தேன் என்றார் பஞ்சாட்சரம். அன்றைக்குக் கேட்டேனே என்றார் ஜஹீதா. கேட்டீர்கள் என்றார் இவர். ஜஹீதா கொஞ்ச நேரம் குச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில், அதைத் தோண்டி எடுத்துக்கொண்டுபோய் அவளிடமே கொடுத்துவிடுங்கள், வேலைக்கு வருகிறாளா என்றும் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். தானே போய்க் கூப்பிட அவருக்கும் முகம் இல்லை.

பஞ்சாட்சரம் கிழங்கைத் தோண்டி, அதே டால்டா டின்னில் மண்ணோடு வைத்து, துண்டால் மூடி எடுத்துக்கொண்டு நடந்தார். ஷாப்பு மறுபடியும் ஓடிக்கொண்டிருந்தது. சந்து முழுக்கச் சுண்ணாம்பு நெடி. மஹ்பூபி கதவுக்கு வெளியே சாக்கு விரித்து, மடியில் முறம் வைத்து, பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். எதிரில் ஷாப்புச் சுவர், அவள் சொன்ன மாதிரியே, ஜன்னல் இல்லாத ஒரே சுவர். அவரைப் பார்த்தாள். வாங்க என்று சொல்லவில்லை. போங்க என்றும் சொல்லவில்லை. கை நிற்கவில்லை. இலையில் தூள் வைத்து, உருட்டி, நூல் கட்டி, அடுத்த இலை எடுத்தாள்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஆடிக் கிருத்திகை, வெல்லம், உப்புசம், நூல். அவள் சிரிக்கவில்லை. பீபிம்மா வேலைக்கு வரச் சொன்னார்கள் என்றார். அவள் இன்னொரு பீடிக்கு நூல் கட்டினாள். டின்னைக் கீழே வைத்துத் துண்டை எடுத்ததும்தான் திரும்பிப் பார்த்தாள்.

"அங்க தண்ணி ஊத்தினீங்களா?"

"தெனமும் ஊத்தினேன்."

"நான் ஏழு மாசம் ஊத்தினேன். ஆத்துல ஊத்து தோண்டி எடுத்தாந்த தண்ணி. எம்பொண்ணு கூட திட்டுவா, குடிக்கவே இல்ல, இதுக்கு ஊத்தறியேன்னு. ஒரு வாட்டி தோண்டிப் பாத்தேன், வேரு வெளிய வந்திருந்துது. சரி, வந்துடும்னு இருந்தேன்." இலையைக் கையில் வைத்தபடி கேட்டாள். "எப்ப மொளைக்கும்ணா?"

இங்கே அவர் இன்னொரு கேள்வியைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். மெதுவாக வரும் என்று பழைய பேச்சையே சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள்.

"மொளைக்காது. கண்ணு இல்லாதது அது. கழுத்து ஒடஞ்ச கெழங்கு. குடுக்கறப்பவே எனக்குத் தெரியும்."

அப்போதுதான் அவள் கை நின்றது. முறத்தை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். திருட்டுப் பட்டம் கட்டினதைச் சொன்னபோது நிற்காத கை அது. டின்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஷாப்புக்குள் தோல் புரட்டுகிற மர டிரம் சுற்றும் சத்தம் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

"நீங்க குடுத்ததுன்னு பீபிம்மா கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அப்ப யார் யார் இருந்தாங்க?"

"பீபிம்மா மட்டும் தான்."

"அன்னிக்கு போர்டிகோல ஏழு பேரு இருந்தாங்கண்ணா."

அவள் விரலை மடக்கி எண்ணினாள். பீபிம்மா, முதலாளி, சைராம்மா, வேலு, கனகராஜ், பால்காரர், இஸ்திரிக்காரம்மா. ஒருத்தரையும் மறக்கவில்லை. எண்ணி முடித்ததும் டின்னை எடுத்து மண்ணையும் கிழங்கையும் சுவரோரம் சாக்கடையில் கவிழ்த்தாள். அடியில் ஒட்டியிருந்ததைத் தட்டி உதறினாள். டின்னைக் கழுவி, தண்ணீர் ஊற்றி, பீடி இலைக்கட்டை அதில் நனையப் போட்டாள். பிறகு முறத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வேலைக்கு வருகிறாளா என்று அவர் இரண்டாம் தரம் கேட்கவில்லை. திரும்பி நடந்தார்.

போன கையோடு வேலுவிடம் சொன்னார். தின்றதிலிருந்து ஆரம்பித்தார். வேலு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் சிரித்த சிரிப்பில் மிச்சத்தை அவன் காது வாங்கவே இல்லை. மறுநாள் பால்காரரிடம் போனபோது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. கிழவர் தோட்டத்தையே தின்றுவிட்டார் என்று தெரிந்திருந்தது. மஹ்பூபியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. ஊர் சிரிக்கிற அவமானம் பெரிசுதான். ஆனாலும் அதற்குள்ளே போய் ஒளிந்துகொள்ள வசதியாக இருக்கிறது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. பால்காரரை நிறுத்திவைத்து வேறு இடத்திலிருந்து ஆரம்பித்தார். திரும்பவும் போய் வேலுவை உட்காரவைத்துச் சொன்னார். இஸ்திரிக்காரம்மாவிடம் சொன்னார். சைரா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். முதலாளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மாட்டின ஷூவைக் கழற்றி, சும்மாவே மறுபடி மாட்டிக்கொண்டு, குழி வேலைக்கு இனிமேல் உன் கால் தாங்காது, இங்கேயே கிட என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது இவருக்கு.

டிரைவர் கனகராஜ் மட்டும் சென்னைக்குப் போயிருந்தான். வெள்ளிக்கிழமைதான் வந்தான். கேட்டுக்குள் வண்டி நுழைந்ததுமே பஞ்சாட்சரம் போய் நின்றுகொண்டார். அவன் வாளியில் துணியை நனைத்துக்கொண்டு சிரித்தான்.

"பூவத் தின்ன கத தானே பெரியவரே? வேலு சொல்லிட்டான். வுடு, போவட்டும்."

"அது அப்புறம். மொதல்ல இதக் கேளு கனகு. நீ ஒருத்தன் தான் பாக்கி."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, அவிழ்த்து முன்னால் விட்டுக்கொண்டார்.

"அன்னிக்கு மஹ்பூபி டின்னுல இருந்த கெழங்கு நான் குடுத்தது. மொளைக்காத கெழங்கு. தெரிஞ்சி தான் குடுத்தேன்."

கனகராஜ் துணியைப் பிழியாமல் கையில் பிடித்தபடி நின்றான். தண்ணீர் அவன் செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. பஞ்சாட்சரம் மிச்சத்தையும் சொன்னார்.